பதினோரு மாசத்துக்கு ரெண்டு ஸ்டார்: ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதுற ரிவ்யூ

நோயாளியா வந்து படுத்துட்டுப் போனவங்க அந்த ஆஸ்பத்திரிக்கு நூத்துக்கணக்குல ரிவ்யூ எழுதியிருக்காங்க. "சிஸ்டர்ஸ் ரொம்ப அன்பா பார்த்துக்கிட்டாங்க"ன்னு அதுல பாதிப்பேர் சொல்லியிருப்பாங்க. அந்த அன்பான சிஸ்டர்கள்ல ஒருத்தி நான். அங்க வேலைக்குப் போனவங்க எழுதினது மட்டும் ஒண்ணுகூட என் கண்ணுல படலை. அதான் நானே உட்கார்ந்துட்டேன்.

ஊர் கிருஷ்ணகிரி. 60 படுக்கை, ஒரு தியேட்டர், ஆறு பெட் ஐ.சி.யூ., கீழ மெடிக்கல் ஷாப். பேரு போடலை. போட்டா, "ஓ, அந்த ஒரு ஆஸ்பத்திரிதான் இப்படி போல"ன்னு முடிஞ்சு போயிடும். என்னோட படிச்சவங்க தருமபுரி, ஓசூர், சேலம்னு சிதறிக் கிடக்கிறாங்க. போன்ல பேசினா எல்லாருக்கும் ஒரே கதைதான், சுவத்துல அடிச்ச பெயின்ட்தான் வேற.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளி போடுறவர். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, சென்னை நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணி, ஆர்.என். ஆர்.எம்.ங்கிற நர்ஸ் பதிவு நம்பர் கையில வந்தப்போ எனக்கு வயசு 22. பஸ்ல போகும்போது அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஃபிளெக்ஸ் பார்த்தேன்: "ஸ்டாஃப் நர்ஸ் தேவை. ஃப்ரெஷர்ஸ் வரலாம்." செவப்பு எழுத்து வெயில் பட்டுப் பட்டு ரோஸ் கலராகியிருந்துச்சு. வேலைக்கு ஆள் கேட்கிற ஒரு ஃபிளெக்ஸ் அவ்வளவு வெளுத்துப் போக எத்தனை மாசம் ஆகும்னு அன்னைக்கே யோசிச்சிருக்கணும்.

இன்டர்வியூ பத்து நிமிஷம்கூட இல்லை. "கேனுலா போடுவியா?"ன்னார், ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல சொருகுற குழாய் அது. "போடுவேன் சார்." "ஹாஸ்டல் வேணுமா?" "வேணும் சார்." அவ்வளவுதான். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் குடுத்துடணும், ரெண்டு வருஷம் முடிஞ்சதும் திரும்பக் கிடைக்கும்னாங்க. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இருந்து டிகிரி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு நானே நீட்டினேன். யாரும் பிடுங்கலை. அதுதான் இப்ப நினைச்சாலும் எரிச்சலா இருக்கு.

சம்பளம் 13,500. பி.எஃப். 1,620, இ.எஸ்.ஐ. 102, ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்து 2,500 பிடிச்சு, முதல் மாசம் அக்கவுன்ட்ல ஏறினது 9,278. அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "வரத்து ஜாஸ்தியானா விலை இறங்கத்தான் செய்யும் கண்ணு. வருஷத்துக்கு எத்தனை பேர் படிச்சுட்டு வர்றீங்க?"ன்னார். மார்க்கெட்டுல பெட்டியை இறக்கி வச்சுட்டு நிக்கிற ஆளு அவர், அவருக்குத் தெரிஞ்ச கணக்கு அது.

எனக்குத் தெரிஞ்ச கணக்கு வேற. 2016ல உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டுச்சு. 200 படுக்கைக்கு மேல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் தரணும், 100ல இருந்து 200 வரைக்கும்னா அதுல பத்து சதவீதம்தான் குறையலாம், 50ல இருந்து 100 வரைக்கும்னா இருபத்தஞ்சு சதவீதம், 50க்குக் கீழ இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியா இருந்தாலும் 20,000க்குக் குறையவே கூடாதுன்னு அந்தக் கமிட்டி எழுதி வச்சுது. நாங்க 60 படுக்கை. கேரளாவுல நர்சுங்க 2017ல தெருவுக்கு வந்தாங்க, அடுத்த வருஷமே குறைஞ்சபட்ச சம்பளம் 20,000ன்னு அரசு ஆணை வந்துச்சு. நம்ம பக்கம் அந்தப் பரிந்துரை பரிந்துரையாவே இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். சம்பளம் கம்மின்னுதான் புது நர்சுங்க ஓடுறாங்கன்னு எல்லாரும் சுலபமா சொல்லிடுறாங்க. என் பெரியம்மா பொண்ணு 2015ல அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி 7,700 ரூபா தொகுப்பூதியத்துக்குச் சேர்ந்தவங்க. 2017 நவம்பர்ல சென்னையில டி.எம்.எஸ்.ங்கிற மருத்துவத் துறை ஆபீஸ் வளாகத்துல உட்கார்ந்து போராடின கூட்டத்துல அவங்களும் இருந்தாங்க. ஆனா வேலையை விடலை. "எப்படிக்கா தாக்குப் பிடிச்சீங்க?"ன்னு கேட்டேன். "பர்மனென்ட் ஆயிடும்னு ஒரு நம்பிக்கை. அதோட, லேபர் வார்டுல ஒரு பெரிய சிஸ்டர் இருந்தாங்கடி. எனக்குக் கை நடுங்கினா திட்ட மாட்டாங்க. என் கை மேல அவங்க கையை வச்சு அப்படியே பிடிச்சுக்குவாங்க"ன்னாங்க. நான் வேலை பார்த்த இடத்துல அந்தக் கை இல்லை. இந்த ரிவ்யூவுல நான் குறைக்கிற மூணு ஸ்டாரும் அதுக்காகத்தான்.

முதல் மூணு நாள் ஒருத்தங்க பின்னாடியே சுத்தினேன். பஞ்ச் வைக்கிற மெஷின் எங்க இருக்கு, ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கும், எந்த டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா எழுந்து நிக்கணும், இதெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. நாலாவது நாள் வார்டுப் பொறுப்புல இருக்கிற இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, "பழகிட்டேல்ல, நீயே பார்த்துக்க"ன்னாங்க. மார்லின் கிரேமர்னு ஒரு அமெரிக்க நர்ஸ் 1974லயே இதுக்கு 'ரியாலிட்டி ஷாக்'னு பேரு வச்சாங்க. காலேஜ்ல படிச்ச நர்சிங் ஒண்ணு, வார்டுல நடக்கிற நர்சிங் இன்னொண்ணு, ரெண்டும் மோதுற இடத்துலதான் புதுசா வந்தவங்க உடைஞ்சு போறாங்கன்னு சொன்னாங்க. அந்த உடைசலுக்கு முன்னாடி கொஞ்ச நாள் எல்லாமே அழகாத் தெரியுமாம், அதுக்கு 'ஹனிமூன்'னு பேரு. என் ஹனிமூன் சரியா ஒன்பது நாள்.

ஒன்பதாவது நாள் எனக்கு முதல் நைட். ஜெனரல் வார்டு, 22 பெட், எல்லாம் ஃபுல். நான், ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான். சாதாரண வார்டுல அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வுல ஒருத்தருக்கு ஒருத்தர்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கைப் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினவ நான். டியூட்டி டாக்டர் கீழ கேஷுவாலிட்டியில, அதாவது அவசரப் பிரிவுல இருந்தார். தொப்பூர் பக்கமோ பெங்களூர் ரோட்டுலயோ ஏதாவது ஒரு வண்டி கவிழ்ந்தா அவர் மேல வரவே மாட்டார்.

பதினோராம் நம்பர் பெட்ல பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், சுகர் கால் புண். வீட்டுல தெலுங்கு பேசுறவங்க. ராத்திரி ஒன்பதரைக்கு 12 யூனிட் இன்சுலின் போடணும்னு கேஸ் ஷீட்ல இருந்துச்சு. மருந்து அவங்களே கொண்டு வந்தது, பையன் பெங்களூர்ல வாங்கிக் கொடுத்த குப்பி. நான் டிரேயில இருந்து ஒரு இன்சுலின் சிரிஞ்சை எடுத்து, 12ன்னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தேன். காத்துக் குமிழியைத் தட்டி விட்டேன். வயித்துத் தோலைக்கூடப் பிடிச்சாச்சு.

அவரோட வீட்டுக்காரம்மா குனிஞ்சு சிரிஞ்சைப் பார்த்தாங்க. "ஏம்மா, இத்தனை இருக்காதே. வீட்டுல நாந்தான் போடுவேன். நம்ப மூடி ஆரஞ்சு கலரும்மா, இது செவப்பா இருக்குது"ன்னாங்க.

நர்ஸ் இல்லாதவங்களுக்காகச் சொல்றேன். இன்சுலின் குப்பி ரெண்டு விதமா வரும். ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கிறது ஒண்ணு, அதுக்கு செவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லியில 100 யூனிட் இருக்கிறது இன்னொண்ணு, அதுக்கு ஆரஞ்சு மூடி. நான் 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சுல இழுத்திருந்தேன். 12ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா 0.3 மில்லி. அதுல இருக்கிறது 12 இல்லை, 30 யூனிட். ரெண்டரை மடங்கு. ராத்திரி தூக்கத்துல சுகர் இறங்கினா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அவர் தூங்குற மாதிரிதான் தெரியும். 22 பெட்டுக்கு நடுவுல எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.

சிரிஞ்சை அப்படியே ஷார்ப் டப்பாவுல போட்டேன். கேஷுவாலிட்டிக்கு ஓடி ஆரஞ்சு மூடி ஒண்ணு வாங்கிட்டு வந்து திரும்ப இழுத்தேன். அந்தம்மா பார்த்துட்டுத் தலையை ஆட்டின பிறகுதான் போட்டேன். அன்னைக்கு எனக்கு சீனியர் சிஸ்டர் அவங்கதான். விடியுற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் அவருக்கு சுகர் பார்த்தேன். சரியான டோஸ்தான் போட்டிருக்கேன்னு தெரியும், இருந்தாலும் கால் தானா அங்க போச்சு.

காலையில அடுத்த ஷிஃப்ட்டுக்கு வார்டை ஒப்படைக்கிற ஹேண்டிங் ஓவர்ல நடந்ததை நடந்தபடி சொன்னேன். காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க: தப்பு நடக்கப் பார்த்தாலும் சொல்லணும், அப்பதான் அடுத்தவங்களுக்கு நடக்காது. இன்சார்ஜ் என்னை ஓரமாக் கூப்பிட்டு, "ஊசி போட்டியா? போடலைல்ல? அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாடியும் சொல்ற?"ன்னாங்க. மத்தியானம் ஆபீஸ்ல ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கினாங்க. அந்த மாசம் 500 ரூபா பிடிச்சாங்க. வார்டு டிரேயில ஆரஞ்சு மூடி சிரிஞ்சைத் தனி டப்பாவுல வைக்கணும்னு ஸ்டோருக்கு நான் மூணு தடவை இன்டென்ட் எழுதிக் கேட்டேன். நான் வெளிய வர்ற வரைக்கும் அந்த டப்பா வரலை.

இன்சார்ஜைத் திட்டணும்னு இதை எழுதலை. அவங்களுக்கு மூணு வார்டு, லீவு போட்ட ஸ்டாஃபுக்கு ஆள் தேடுற வேலையும் அவங்களோடதுதான். ஆனா அந்த 500 ரூபாவுக்கு நான் கத்துக்கிட்டது, இனிமே வாயைத் திறக்கக் கூடாதுங்கிறதுதான். அடுத்த பத்து மாசத்துல சின்னதும் பெருசுமா எத்தனையோ நடந்துச்சு. ஒண்ணையும் நான் ஹேண்டிங் ஓவர்ல சொல்லலை. சொல்லாம வச்சுக்கிட்டது ஹாஸ்டலுக்கும் கூடவே வரும். ராத்திரி கண்ணை மூடினா, அந்த ட்ரிப்ஸை நிறுத்தினோமா, நாலாம் பெட் ஆன்டிபயாடிக் போட்டுட்டுத்தான் டிக் அடிச்சோமான்னு ஓடும். ஒரு தடவை நைட் முடிஞ்சு வந்து படுத்தவ, பத்து மணிக்கு எழுந்து திரும்ப வார்டுக்கே போய் ஷீட்டைப் பார்த்துட்டு வந்தேன்.

ஹாஸ்டல்னு சொன்னேன்ல. லேபுக்கு மேல மூணாவது மாடி, எட்டுப் பேர், ரெண்டு பாத்ரூம். ஏழு மணி டியூட்டிக்கு அஞ்சு மணிக்கே பக்கெட் வரிசை ஆரம்பிச்சுடும். சாப்பாடு பரவாயில்லை. சனிக்கிழமை ராகிக் களியும் கீரைக் குழம்பும் போடுவாங்க, அதை மட்டும் குறை சொல்லவே மாட்டேன்.

அந்த எட்டுப் பேரும் ஒரே மாசத்துல சேர்ந்தவங்க. முதல்ல போனது ஊத்தங்கரைப் பொண்ணு, நாப்பதாவது நாள். ட்ரிப்ஸ் மாத்த லேட்டாச்சுன்னு நோயாளி கூட வந்த ஒருத்தர் அவளை அடிக்கக் கையை ஓங்கிட்டார். நியாயம் கேட்டு ஆபீஸுக்குப் போனா, "பேஷன்ட் பார்ட்டிகிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா, பிரச்னை வேணாம்"னாங்க. சாரி சொன்னா. மறுநாள் பொட்டியோட கிளம்பிட்டா, சர்டிபிகேட்டைக்கூடக் கேட்கலை. பென்னாகரத்துப் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொல்லி வீட்டுல கூட்டிட்டுப் போனாங்க. நைட் டியூட்டி போற பொண்ணு வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னதா பின்னாடி கேள்விப்பட்டேன். காவேரிப்பட்டணத்துப் பொண்ணு பெங்களூர்ல ஜெர்மன் படிக்கிறா. பி2ங்கிற லெவல் பரீட்சை முடிச்சா விமானம்தான்னு சொல்றா, ஊருக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் எங்களுக்கு நிப்பட்டு வாங்கிட்டு வந்த ஒரே ஆளு அவதான். அரூர்ப் பொண்ணு ஓசூர் பக்கம் செல்போன் பார்ட்ஸ் கம்பெனிக்குப் போயிட்டா. நாலு வருஷம் படிச்சுட்டு அங்க எதுக்குடின்னு நாங்க கேட்டதுக்கு அவ சொன்னது இன்னும் காதுல இருக்கு: "அங்க தப்புப் பண்ணினா பார்ட்ஸை ஸ்கிராப் பெட்டியில போட்டுடலாம்டி."

மீதிப் பேரைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. ஒவ்வொருத்தரா காலியான கட்டில்ல புதுசா ஒருத்தி வந்து பெட்ஷீட் விரிப்பா.

மேனேஜ்மென்டுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க. மேனேஜர் ஒரு மீட்டிங்ல வெளிப்படையாவே சொன்னார்: "உங்களுக்கு டிரெய்னிங் குடுத்து என்னம்மா பிரயோஜனம்? ஆறு மாசத்துல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டு வந்து நிப்பீங்க." அவர் சொல்றதும் பொய் இல்லை. வெளிநாட்டு ஏஜென்சிக்கு அனுபவம் வேணும், அதுக்காகவே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறவங்க உண்டு. ஆனா போயிடுவாங்கன்னு சொல்லிக் கொடுக்காம விட்டா, இருக்கலாம்னு நினைக்கிறவளும் போயிடுவா. இதை அந்த மீட்டிங்ல எழுந்து சொல்லியிருக்கணும். சொல்லலை, எனக்கு மறுநாள் ஆஃப் வேண்டியிருந்துச்சு.

அந்த ரெண்டு ஸ்டார் எதுக்குன்னு கேட்பீங்க. ஒண்ணு கேஷுவாலிட்டிக்கு. அங்க ஆறு வருஷமா இருந்த ஒரு பிரதர் (ஆண் நர்ஸ்), நாங்க அண்ணான்னுதான் கூப்பிடுவோம், எனக்கு கேனுலா போடக் கத்துக் கொடுத்தார். காலேஜ்ல பொம்மைக் கையில குத்திப் பழகினவளுக்கு, ரத்தம் இறங்கி நரம்பெல்லாம் ஒட்டிப் போன ஆக்சிடென்ட் கேஸ்ல எங்க குத்துறதுன்னே தெரியாது. "கண்ணால தேடாதம்மா, விரலால தேடு. மெத்துன்னு துள்ளும் பாரு"ன்னார். மாம்பழ சீசன்ல மரத்துல இருந்து விழுந்து வந்த ஒரு ஆளுக்கு, முதல் தடவையா பச்சைக் கலர் 18ஆம் நம்பர் கேனுலாவை ஒரே குத்துல ஏத்தினேன். அண்ணா ஒண்ணும் சொல்லலை, டேப்பைக் கிழிச்சுக் கையில கொடுத்தார். கேஷுவாலிட்டிக்கு டியூட்டி மாத்திக் கேட்டேன், வார்டுல ஆள் இல்லைன்னுட்டாங்க.

இன்னொரு ஸ்டார் ஆயாம்மாவுக்கு. நைட்ல மூணு மணிக்கு எனக்குக் கண்ணு சொக்கும்போது, பிளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் கொடுத்துட்டு, "எக்கட நொப்பி"ன்னா எங்க வலிக்குதுன்னு அர்த்தம்னு தெலுங்கு சொல்லிக் கொடுத்தது அவங்கதான்.

விட்டு வந்த கதையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். ரெண்டு மாசச் சம்பளம் கட்டினாத்தான் சர்டிபிகேட்னாங்க, அதாவது 27,000. அப்பா முதல் பஸ் பிடிச்சு வந்து, ரிசப்ஷன்ல பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் உட்கார்ந்தார். சத்தம் போடலை, சண்டை போடலை. மார்க்கெட்டுல விலை படியுற வரைக்கும் பெட்டி மேல உட்கார்ந்திருப்பார் பாருங்க, அப்படி உட்கார்ந்திருந்தார். கடைசியில ஒரு மாசச் சம்பளத்துக்குப் படிஞ்சுது. 13,500 கட்டினோம், ரசீது கிடையாது. ஃபைலைத் திறந்து பார்த்தா, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூலையில ஸ்டேப்ளர் குத்தி, துருப் பிடிச்சிருந்துச்சு.

இப்ப சேலத்துல கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி. 19,000. இங்கயும் டபுள் டியூட்டி உண்டு, திட்டு உண்டு. ஆனா முதல் ஆறு வாரம் என்னை ஸ்டாஃப் கணக்குலயே சேர்க்கலை. ஒரு மலையாள சேச்சியோட ஒட்டிக்கிட்டே இருந்தேன். இன்சுலின் போடுறதுன்னா ரெண்டு பேர் பார்க்கணும்: ஒருத்தர் குப்பியை வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் சிரிஞ்சைப் பார்க்கணும். முதல் தடவை சேச்சி "நூறு யூனிட், ஆரஞ்சு"ன்னு சத்தமாப் படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அவங்களுக்கு ஏன்னு புரியலை.

போன வாரம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினா. அதே ஃபிளெக்ஸ். போன் நம்பர் மேல மட்டும் புதுசா ஒரு ஸ்டிக்கர். "அக்கா, 14,000 தர்றாங்களாம். போகட்டுமா?"ன்னு கேட்டா. போகாதேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை, அவ வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஒரிஜினலைக் குடுக்காதே, செராக்ஸ் மட்டும் குடு, ஒரிஜினலைக் காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கன்னேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளு, என் முதல் நைட்ல என்னோட யார் இருப்பாங்கன்னு கேளுன்னேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து கூப்பிட்டா. "கேட்டேன்கா. கண்டிப்பா ஒரு சீனியர் சிஸ்டர் இருப்பாங்கன்னாங்க. அவங்களையே வரச் சொல்லி அறிமுகமும் பண்ணி வச்சாங்க."

"பரவாயில்லையே. யாருடி?"

"நம்ம காலேஜ்தான்கா, உங்களுக்கு அடுத்த பேட்ச். அவங்க சேர்ந்து மூணு மாசம் ஆச்சாம்."